வட்டமாக அமர்ந்து வாதாடும் பிள்ளைகள்: பி4சி பாடசாலைத் திட்டம் பற்றிய மதிப்புரை

இங்கிலாந்தின் அரச ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு பாடவேளை அளவுக்கு, ‘பிள்ளைகளுக்கான மெய்யியல்’ என்றொரு வகுப்பு நடைபெறுகிறது. அதன் ஆங்கிலப் பெயரான Philosophy for Children என்பதை ஆசிரியர்களும் பிள்ளைகளும் பி4சி (P4C) என்றே சுருக்கி அழைக்கிறார்கள். பாடத்திட்டத்தில் கட்டாயமாக்கப்பட்ட பாடமன்று அது. விரும்பிய பாடசாலை தன் வரவுசெலவிலிருந்து பணம் ஒதுக்கி, ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பி, நேரசூசியில் இடம் தேடிக் கொடுத்து நடத்துகிற ஒன்று. ஆகவே காசு கொடுத்துப் பெறும் எந்தச் சேவையையும் எடைபோடுவதுபோல இதையும் எடைபோடுவதில் தவறில்லை.

வடமேற்கு இலண்டனில், தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் பகுதியொன்றில் உள்ள பாடசாலையின் நிர்வாக சபையில் நான் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். என் மகள் நான்காம் ஆண்டு வகுப்பில் அந்த வட்டத்தில் அமர்பவள். அதற்கான பயிற்சிச் செலவைத் தொடர்வதா நிறுத்துவதா என்று கையுயர்த்த வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. இந்த வகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது பிள்ளைகளின் புத்தியைக் கூர்மையாக்குகிறதா, கணக்கிலும் வாசிப்பிலும் புள்ளிகளை உயர்த்துகிறதா என்றே கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறை குறைவு. பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தில், சண்டை பிடித்துச் சமாதானமாகும் விதத்தில், ஒருவரை ஒதுக்கும் விதத்திலும் சேர்க்கும் விதத்திலும் இது ஏதாவது மாற்றத்தைக் கொண்டுவருகிறதா என்பதையே பார்க்க விரும்பினேன். கொண்டுவருகிறது என்பது என் முடிவு. ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படும் காரணத்தால் அன்று, சொல்லப்படும் எல்லை வரைக்குமன்று.

திட்டத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த மத்தியூ லிப்மன், 1968இல் அங்கு வெடித்த மாணவர் கிளர்ச்சியின்போது, நிர்வாகத்தாலும் சரி மாணவர்களாலும் சரி, காரணம் காட்டிப் பேசவோ எதிர்த்தரப்பின் காரணத்தைக் காதுகொடுத்துக் கேட்கவோ முடியவில்லை என்று கண்டு, பல்கலைக்கழக வயதில் தருக்கம் கற்பிக்கத் தொடங்குவது காலம் கடந்த வேலை என்ற எண்ணத்துக்கு வந்தார். வகுப்பறைப் பிள்ளைகளையே பாத்திரங்களாக்கி, அவர்கள் தாமாகச் சிந்தனையின் விதிகளைக் கண்டுபிடிப்பதாகக் கதை எழுதினார். 1974இல் நியூ ஜேர்சியின் மொன்ட்கிளேர் அரச கல்லூரியில் இதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆன் மார்கரெட் ஷார்ப் அவரோடு சேர்ந்து அதனை வளர்த்தெடுத்தார். ஆறு வயதுப் பிள்ளைகள் மெய்யியல் பேசுவதைக் காட்டும் ஆவணப்படமொன்றை 1990இல் பிபிசி ஒளிபரப்பிய பிறகே பிரித்தானியாவில் ஆர்வம் பரவியது. 1992இல் உருவான சாப்பெரே என்னும் அறக்கட்டளைதான் இங்குள்ள பாடசாலைகளுக்குப் பயிற்சி அளிக்கும் முதன்மையான அமைப்பாக வளர்ந்தது. லிப்மன் வலியுறுத்திய ஆய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், அக்கறையோடு சிந்தித்தல் ஆகிய மூன்றோடு, கூட்டாகச் சிந்தித்தல் என்ற நான்காவதும் பிரித்தானியப் பயிற்சியில் சேர்ந்துகொண்டது. என்னைக் கேட்டால் அந்த நான்காவதற்காகத்தான் இந்தச் சேவையை வாங்க வேண்டும்.

பெயரைக் கேட்டு, சோக்கிரதீசும் பிளேட்டோவும் பாடமாக வருவார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். மெய்யியலாளர் எவருடைய பெயரும் வகுப்பில் உச்சரிக்கப்படுவதில்லை. பிள்ளைகள் மேசைகளை ஒதுக்கிவிட்டுக் கதிரைகளை வட்டமாகப் போடுகிறார்கள். ஆசிரியை ஒரு கதையையோ படத்தையோ பொருளையோ முன்வைக்கிறார். சற்று நேரம் யாரும் பேசாமல் யோசிக்க வேண்டும். பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து அதிலிருந்து கேள்விகளை உருவாக்கி, எல்லாவற்றையும் வெண்பலகையில் எழுதி, வாக்களித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். பேச விரும்புகிறவர் கையை உயரத் தூக்குவதில்லை; உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டுகிறார். இப்போது பேசி முடித்தவரே அடுத்து யார் பேசுவது என்று அழைக்கிறார். முடிவில் ஒவ்வொருவரும் தம் கடைசிச் சொல்லைச் சொல்லலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். அந்தக் கடைசிச் சொல்லுக்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நிர்வாக சபை உறுப்பினர் என்ற முறையில் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து நான் பார்த்த ஓர் அமர்வைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அன்று ஆசிரியை காட்டியது ஒரு புகைப்படம்: விளையாட்டுத் திடலின் ஓரத்தில் போடப்பட்ட ஒரு வாங்கு, அதாவது பலர் அமரும் நீண்ட இருக்கை. இந்நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் ‘நட்பு வாங்கு’ என்று ஒன்று உண்டு. விளையாட ஆள் கிடைக்காத பிள்ளை அதில் போய் அமர்ந்தால் மற்றப் பிள்ளைகள் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பலகையில் ஏறிய கேள்விகள் இவை: ‘கேட்டு வாங்கிய நட்பு உண்மையான நட்பா?’, ‘வாங்கில் இருப்பவரை அழைக்காவிட்டால் நான் கெட்டவனா?’, ‘எல்லோரோடும் விளையாட வேண்டும் என்றால் நண்பர் என்று ஒருவர் எதற்கு?’, ‘தனியாக இருக்க விரும்புகிறவர் எங்கே போய் இருப்பது?’ கண்ணை மூடிக்கொண்டு வாக்களிக்கச் சொன்னார்கள், யார் எதற்குக் கையுயர்த்துகிறார் என்று பார்த்து அதற்கே தானும் உயர்த்தும் பழக்கத்தைத் தடுப்பதற்காக. மூன்றாவது கேள்வி வென்றது.

முதலில் பேசிய பையன், எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் பாடசாலை விதி என்றான். ஆசிரியை எனக்குப் பிடித்த ஒரு காரியம் செய்தார்: பாராட்டவில்லை. ‘விதி இல்லாவிட்டால்?’ என்று மட்டும் கேட்டார். அவன் யோசித்துவிட்டு உள்ளங்கையை மடக்கிக்கொண்டான். அடுத்தவள், எல்லோரும் நண்பர் என்றால் யாருமே நண்பரில்லை என்றாள். அதற்கு இன்னொருவன், அவளுடைய பெயரைச் சொல்லி, ‘நான் உடன்படவில்லை, ஏனென்றால் விளையாடுவது வேறு, நண்பராயிருப்பது வேறு, பந்து விளையாட ஆளைத்தான் தேடுகிறோம், நண்பனைத் தேடுவதில்லை’ என்றான். அப்படியானால் விளையாட மறுப்பதற்கு நண்பன் இல்லை என்பது காரணமாகாது என்று மூன்றாவதாக ஒருத்தி சேர்த்தாள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள், பெரியவர் எவரும் எடுத்துக் கொடுக்காமல், இரு விடயங்களைப் பிரித்துக் காட்டி, அந்தப் பிரிவிலிருந்து ஒரு முடிவை இழுத்தார்கள். சிறிது நேரத்துக்கு முன் ‘யாருமே நண்பரில்லை’ என்று சொன்ன பெண்பிள்ளை, தன் கடைசிச் சொல்லின்போது, தான் பாதி மனம் மாறிவிட்டதாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ‘பார், நான்தான் சொன்னேனே’ என்று சொல்லவுமில்லை.

சமூக உறவு என்ற விடயத்தில் இத்திட்டம் தரும் சரக்கு முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நட்பைப் பற்றிப் பேசியதால் பிள்ளைகள் நல்ல நண்பர்களாகிவிடுவதில்லை. நேர்மை பற்றியோ, காலம் என்றால் என்ன என்பது பற்றியோ பேசியிருந்தாலும் இதே பயன் கிடைத்திருக்கும். பயன் தருவது பேசும் முறை. மற்றவருடைய பெயரைச் சொல்லி அவருடைய கருத்தை மறுக்க வேண்டும். மறுப்பதற்கு முன் அவர் சொன்னதைச் சரியாக எடுத்துச் சொல்ல வேண்டும். மறுத்த பிறகும் அடுத்த முறை பேச அவரையே அழைக்கலாம். தன் கருத்து தோற்றுப்போனாலும் தான் தோற்கவில்லை என்பதை ஒரு பிள்ளை வாரந்தோறும் உடம்பால் பழகுகிறது. நல்லொழுக்கப் பாடத்தில் ‘மற்றவரை மதிக்க வேண்டும்’ என்று சுவரொட்டி எழுதி ஒட்டுவதால் இது வராது.

இப்போது ஆய்வுகளுக்கு வருவோம். ஏனெனில் பாடசாலைகள் இதை வாங்குவது பெரும்பாலும் அவற்றைப் பார்த்துத்தான். எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் நிதியம் இங்கிலாந்தின் 48 ஆரம்பப் பாடசாலைகளில், நான்காம் ஐந்தாம் ஆண்டு வகுப்புகளில் பயின்ற 3,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு நடத்தச் செய்த சோதனையை டரம் பல்கலைக்கழகத்தினர் மதிப்பிட்டு 2015இல் அறிக்கை வெளியிட்டார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் ஏறத்தாழ இரண்டு மாதப் படிப்புக்கு நிகரான கூடுதல் முன்னேற்றம் கிடைத்தது என்றும், வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது இன்னும் சற்று அதிகம் என்றும் அதில் சொல்லப்பட்டது. பத்திரிகைகள் கொண்டாடின. சொற்பச் செலவில் புள்ளிகள் உயரும் வழி என்று தலைமையாசிரியர்களும் நம்பினார்கள். ஆனால் அதைவிடப் பெரிய அளவில், ஏறத்தாழ 200 பாடசாலைகளோடு நடத்தப்பட்ட அடுத்த சோதனையின் அறிக்கை 2021இல் வந்தபோது, வாசிப்புப் புள்ளிகள் உயர்ந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. முதல் அறிக்கையை வரவேற்புக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய பாடசாலைகள் இரண்டாவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இவ்விரண்டுக்கும் நடுவில், அதே டரம் ஆய்வாளர்கள் நஃபீல்ட் அறநிதியத்தின் ஆதரவோடு செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு. 42 பாடசாலைகளைச் சேர்ந்த சுமார் 2,700 பிள்ளைகளிடம், தொடக்கத்திலும் முடிவிலும் வினாக்கொத்துகளைக் கொடுத்து, மற்றவரோடு பேசிப் பழகும் திறன், குழுவாக வேலை செய்தல், மற்றவர் நிலையை உணர்தல் போன்றவற்றைப் பார்த்தார்கள். பி4சி வகுப்பில் இருந்த பிள்ளைகளிடம் இவற்றில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. சிறியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே நிரப்பிய படிவங்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மற்றவர் மனம் அறிந்து நடக்கிறாயா என்று கேட்டால் ஆம் என்று குறிக்க வேண்டும் என்பதை எந்தப் பிள்ளையும் அறியும். ஆயினும் நான் வகுப்பறையில் கண்டதோடு இந்த முடிவு பொருந்துகிறது. ஸ்கொட்லாந்தின் கிளாக்மனன்ஷயரில் 2000களில் நடந்த ஆய்வொன்றும், இவ்வகுப்புகளில் ஆசிரியர்கள் திறந்த கேள்விகளை அதிகம் கேட்கத் தொடங்கியதையும் பிள்ளைகள் பேசும் நேரம் கூடியதையும் பதிவு செய்தது. புள்ளிகளைக் காட்டி விற்கப்பட்டதும் புள்ளிகளுக்காக வாங்கப்பட்டதும்தான் இத்திட்டத்துக்கு நேர்ந்த பெரிய அநீதி. புள்ளிகள் உயரவில்லை என்று தெரிந்ததும் பல இடங்களில் அதைக் கைவிடத் துணிந்ததற்கும் அதுவே காரணம்.

வட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறது? மணி அடித்து இடைவேளைக்கு வெளியே போன அதே பிள்ளைகள், நான் தேநீர்க் கோப்பையோடு சன்னலருகே நின்றுகொண்டிருந்தபோதே, பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சண்டை பிடித்தார்கள். அதில் ஒருவன், வகுப்பில் கற்ற வாய்ப்பாட்டை அப்படியே எடுத்து, ‘நான் உன்னோடு உடன்படவில்லை, ஏனென்றால் உனக்கு விளையாடவே தெரியாது’ என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதில் பாடம் இருந்தது. ‘ஏனென்றால்’ என்ற சொல் அவனுக்கு வந்துவிட்டது, அதற்குப் பின்னால் வர வேண்டியது இன்னும் வரவில்லை. அங்கே நின்ற மதிய நேரப் பணியாளர், பாவம், தனக்குத் தெரிந்ததைச் செய்தார்: இருவரையும் கூப்பிட்டு ‘சொறி’ சொல்ல வைத்துக் கைகுலுக்க வைத்து அனுப்பினார். வகுப்பறையில் ஆசிரியை ‘ஏன்?’ என்று கேட்கும் அந்தக் கேள்வியைத் திடலில் கேட்பதற்கு ஆளில்லை. பயிற்சி ஆசிரியர்களோடு நின்றுவிட்டது. உதவியாளர்களுக்கும், உணவு மண்டபத்தில் வேலை செய்பவர்களுக்கும், திடலைக் கண்காணிப்பவர்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. பிள்ளைகளின் உறவுகள் கட்டப்படுவதும் உடைவதும் அவர்கள் கண்முன்னால்தான் என்பதை யோசித்தால், இந்தச் சேவையின் மிகப் பெரிய ஓட்டை இதுவே.

அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரிலுள்ள புராண்டா அரச பாடசாலையை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து எல்லா வகுப்புகளிலும் மெய்யியலை நடத்திவரும் அந்தச் சிறிய பாடசாலை, பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவது குறைந்து, தகராறுகளைப் பேசித் தீர்க்கும் பழக்கம் வேரூன்றியதற்காகவே பெயர் பெற்றது. அங்கே அது ஒரு வகுப்பாக இல்லாமல் பாடசாலை முழுவதும் பேசும் முறையாக இருந்தது என்பதுதான் வேறுபாடு. ஓராசிரியர் மட்டும் பயிற்சி பெற்று, அவர் வகுப்பில் மட்டும் நடந்து, அவர் வேறு பாடசாலைக்கு மாறிப் போனதும் கூடவே போய்விடும் திட்டத்தால் அப்படியொரு பயன் கிடைக்க வழியில்லை.

வழிநடத்தும் ஆசிரியரின் தரத்தில் இவ்வளவு தங்கியிருக்கும் வேறொரு வகுப்பை நான் அறியேன். நான் சொன்ன ஆசிரியை பாராட்டாமல் கேள்வி கேட்டார். வேறோர் அமர்வில், வேறோர் ஆசிரியர், வகுப்பில் அந்த வாரம் நடந்த ஒரு பொய்யை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘பொய் சொல்வது எப்போதாவது சரியா?’ என்ற கேள்வியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்ததுபோலக் காட்டி, பேச்சைத் திருப்பித் திருப்பித் தனக்கு வேண்டிய முடிவுக்கு இழுத்து வந்தார். பிள்ளைகள் அதை உடனே மோப்பம் பிடித்துவிட்டார்கள்; ஆசிரியர் எதிர்பார்த்த விடையை ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிவிட்டு, மிகுதி நேரம் கதிரையில் நெளிந்துகொண்டிருந்தார்கள். நம்பிக்கை போன வட்டத்தில் உறவு வளராது. குற்றம் சாட்டப்படுகிறோம் என்று உணர்ந்த பிள்ளை அன்று வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி முறையைக் கற்றுத் தரலாம். முடிவைக் கைவிடும் மனத்துணிவைக் கற்றுத் தர அது போதாது.

இன்னுமொரு குறை பிள்ளைகளிடமிருந்தே வருகிறது. சில மாதங்கள் போனதும், வாதத்தில் நெருக்குதல் வரும்போதெல்லாம் ‘ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து’ என்று சொல்லித் தப்பிக்க அவர்கள் பழகிக்கொள்கிறார்கள். கேட்பதற்கு அது சகிப்புத்தன்மைபோல இருக்கும். உண்மையில், உன்னோடு மேலும் பேச எனக்கு விருப்பமில்லை என்பதற்கான நாகரிகமான வடிவம் அது. நல்ல வழிநடத்துனர், ‘இருவருடைய கருத்தும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியுமா?’ என்று கேட்டுக் கதவை மீண்டும் திறப்பார். மற்றவர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார், அமைதியாக இருக்கிறதே என்று மகிழவும் செய்வார்.

பேசாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்த பேச்சாளரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும்போது, நண்பர் நண்பரையே அழைப்பதும், வகுப்பில் ஏற்கனவே ஒதுக்கப்பட்டவர் கைநீட்டியபடியே இருப்பதும் நடக்கிறது. உறவுகளைச் சீர்செய்ய வந்த முறையே உறவுகளின் கோணலை எல்லோர் முன்னும் காட்டிவிடும் தருணம் அது. எங்கள் பாடசாலையில், பிரான்சிலிருந்து குடிபெயர்ந்து வந்து ஆங்கிலம் இன்னும் சரளமாக வராத ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இது முதலில் பெரும் சோதனையாக இருந்தது. ஆசிரியை இதற்குச் செய்த ஏற்பாடு எளிமையானது: வட்டத்தில் பேசுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் எந்த மொழியிலும் பேசலாம் என்றார், ஏற்கனவே பேசியவர் இதுவரை பேசாதவரைத்தான் அழைக்க வேண்டும் என்றும் ஒரு விதி வைத்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை அவளுடைய கருத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லத் தொடங்கியது அப்படித்தான். அதற்குப் பிறகு உணவு மண்டபத்திலும் அவ்விருவரும் ஒன்றாகவே அமர்கிறார்கள். இந்த வகுப்பால் நேரடியாக முளைத்த நட்பு என்று நான் துணிந்து காட்டக்கூடியது இதுவே.

வீட்டுக்கு வருவோம். எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட தலைமுறைக்கும், வாரந்தோறும் எதிர்த்துக் கதைக்கப் பயிற்றப்படும் தலைமுறைக்கும் நடுவில் நம்மைப் போன்ற பெற்றோர் நிற்கிறோம். ‘அம்மம்மா, நீங்கள் சொன்னது எனக்கு விளங்குது, ஆனால் அந்தக் காரணம் காணாது’ என்று என் மகள் என் தாயாரிடம் சொன்னபோது, சாப்பாட்டு மேசையில் ஒருகணம் எல்லோரும் கையை நிறுத்தினோம். பேச்சு, மாமிச உணவு தவிர்க்கும் வெள்ளிக்கிழமை பற்றியது. அம்மா கோபிப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவரோ, ‘அப்ப நீ ஒரு காரணம் சொல்லு பாப்பம்’ என்றார். அதன் பிறகு இருவரும் அடிக்கடி இப்படி மோதிக்கொள்கிறார்கள். முன்பு தொலைக்காட்சிக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் இருந்தவர்கள். எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். வாய் நீண்டுவிட்டது என்று தகப்பனிடம் அடி வாங்கிய பையனைப் பற்றியும் பாடசாலை வாசலில் கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு முறையைக் கற்பித்துவிட்டு, அது என்ன, எதற்கு என்று பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதத்துக்கு மேல் எதையும் தராத பாடசாலை, அந்தப் பையனைத் தனியே களத்தில் இறக்கிவிட்டதாகத்தான் பொருள். எங்கள் பாடசாலையும் இதில் விலக்கன்று.

இங்கே பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள். அங்கே பேச்சுப் போட்டி உண்டு, விவாதம் உண்டு, திருக்குறள் மனனப் போட்டி உண்டு. நட்பு அதிகாரத்தின் 10 குறள்களையும் தட்டுத் தடங்கலின்றி ஒப்புவிக்கும் பிள்ளையிடம், அவற்றில் எது உன் நண்பனுக்குப் பொருந்தாது என்று ஒருவரும் கேட்பதில்லை. நம் விவாத மேடையில் தரப்பு முன்கூட்டியே தரப்பட்டுவிடுகிறது; மனம் மாறுவது தோல்வி, எதிரணியின் நல்ல வாதத்தை ஒப்புக்கொள்வது காட்டிக்கொடுப்பு. பேச்சாற்றல் வளர்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் மகள் சனிக்கிழமை கற்கும் பேச்சும் அவள் அந்த வட்டத்தில் கற்கும் பேச்சும் இரண்டு வெவ்வேறு வகையான தோழமையை வளர்க்கின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். மேடையில் அவளுக்கு அணி கிடைக்கிறது. வட்டத்தில், அணியில் இல்லாதவரோடும் பேசிக்கொண்டிருக்கப் பழகுகிறாள். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் சிலராவது இந்தப் பயிற்சியை எடுத்துப் பார்த்தால், அதைத் தமிழிலேயே நடத்துவதற்கு எந்தத் தடையும் இல்லை.

வார இறுதியில் இணையவழியாக நடக்கும் ‘சிறுவர் மெய்யியல்’ வகுப்புகளும் இப்போது கிடைக்கின்றன. பல நகரங்களின் பிள்ளைகள் திரையில் சேர்ந்து, ஒருவர் வழிநடத்தப் பேசுகிறார்கள். சிந்தனைப் பயிற்சி என்ற அளவில் அவற்றில் சில நன்றாகவே உள்ளன. ஆனால் உறவுகளைக் கருதி அவற்றில் பணத்தைப் போட வேண்டாம் என்பேன். வாரத்தில் ஒருமுறை திரையில் பார்த்துவிட்டுக் கலைந்து போகிறவர்களோடு மனத்தாங்கலும் இல்லை, அதைத் தீர்க்க வேண்டிய தேவையும் இல்லை. காலையில் கருத்தால் மோதியவனோடு மத்தியானம் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறதே, அந்த நெருக்குதலில்தான் இந்த முறை வேலை செய்கிறது.

செலவைப் பொறுத்தவரை, 2015 அறிக்கை பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 16 பவுண் அளவில் கணக்கிட்டிருந்தது. நிர்வாக சபைக் கூட்டத்தில் இதைக் கேட்பவர்கள் மலிவு என்று தலையசைப்பார்கள். கணக்கில் எளிதில் தெரியாதது, ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போகும் நாள்களில் அவர்களுடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பதில் ஆசிரியருக்கான கொடுப்பனவு. ஊழியர் மாறும் வேகத்தில் அதே பயிற்சிக்கு மீண்டும் மீண்டும் செலவழிக்க வேண்டியிருப்பதும் அப்படியே. இன்னொரு விலையும் உண்டு: ஆறாம் ஆண்டில், மே மாதத் தேசியத் தேர்வுகள் நெருங்கியதும் முதலில் வெட்டுப்படுவது இந்த நாற்பது நிமிடம்தான். பிள்ளைகள் பருவ வயதின் வாசலில் நின்று, யார் யாரோடு சேருவது, யாரைக் கைபேசிக் குழுவிலிருந்து நீக்குவது என்று அலைக்கழியும் ஆண்டு அது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிறுத்திவிட்டு, முந்தைய ஆண்டுகளின் பழக்கம் தானே தாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம்.

இத்தனைக்குப் பிறகும் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் பாடசாலை இதை நடத்துவதாகச் சொன்னால், எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள், ஆறாம் ஆண்டிலும் நடக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் ஓர் அமர்வைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் எத்தனை முறை ‘மிக நன்று’ என்று சொல்கிறார் என்பதைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். எங்கள் நிர்வாக சபையில் பயிற்சியைத் தொடர நான் கையுயர்த்தினேன். மதிய நேரப் பணியாளர்களுக்கும் வகுப்பு உதவியாளர்களுக்கும் அரைநாள் பயிற்சி தர வேண்டும் என்ற என் திருத்தம், அவர்களுடைய ஒப்பந்தத்தில் அந்த நேரத்துக்கு ஊதியம் இல்லை என்ற காரணத்தால் அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊதியத்தை எந்தத் தலைப்பிலிருந்து எடுப்பது என்று நிதிக் குழு இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது.